மருந்து அதேதான்; நுரையீரலுக்குப் போவதும் அதே அளவா?

தமிழகத்தின் மருந்துக் கடைகளிலும் மருத்துவமனை மருந்தகங்களிலும் பணிபுரியும் சக மருந்தாளுநர்களுக்கு,

"அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லைங்க, இதுவும் அதே மருந்துதான்" என்று சொல்லி வேறொரு அட்டையை நீட்டுவது நம் கவுன்டரில் தினமும் நடப்பது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தரும் மாத்திரையில் பெரும்பாலும் அதனால் கேடு வருவதில்லை. இன்ஹேலர் விஷயத்தில் மட்டும் இப்படிச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். இனி வரும் ஆண்டுகளில் இப்படிச் சொல்லும் சந்தர்ப்பங்கள் கூடப்போகின்றன. காரணம், இன்ஹேலருக்குள் இருக்கும் வாயு மாறத் தொடங்கிவிட்டது.

நோயாளிகள் 'பம்ப்' என்று சொல்லும் இன்ஹேலரில் மருந்தின் பங்கு மிகச் சிறியது. ஒரு முறை அழுத்தினால் வரும் சால்புடமால் 100 மைக்ரோகிராம்தான். அதைச் சுமந்து வருவது, அழுத்தத்தில் திரவமாக அடைத்து வைத்திருக்கும் உந்துவாயு. இன்றைய பம்புகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹெச்.எஃப்.ஏ. 134ஏ, சிலவற்றில் 227இஏ. இவை ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் இவற்றின் வலு அதிகம். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை பார்த்தால், 134ஏ கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கும் மேல், 227இஏ 3,000 மடங்குக்கும் மேல். இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். விடும் மொத்தக் கரிமத்தில் சுமார் 3 விழுக்காடு இன்ஹேலர்களின் கணக்கில் மட்டும் வருகிறது.

இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021இல் அதை ஏற்று உறுதிசெய்தது. நம் நாட்டுக்கான அட்டவணைப்படி 2028இல் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வருகிறது. 2032இலிருந்து வெட்டு தொடங்குகிறது. 2047இல் 85 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். இன்ஹேலருக்கென்று அதில் தனி விலக்கு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இன்ஹேலர் வாயுவையும் ஒதுக்கீட்டுக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே மாற்று வாயுக்கள் வருகின்றன. ஒன்று ஹெச்.எஃப்.ஏ. 152ஏ, இதன் வெப்பமூட்டும் வலு 134ஏவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இன்னொன்று ஹெச்.எஃப்.ஓ. 1234இஸட்இ, இதன் வலு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இந்த இரண்டாவது வாயுவில் நிரப்பிய ட்ரிக்ஸியோ ஏரோஸ்ஃபியர் என்ற சி.ஓ.பி.டி. இன்ஹேலருக்கு 2025இல் பிரிட்டன் அனுமதி அளித்தது. சால்புடமாலை 152ஏவில் நிரப்பும் சோதனைகளும் நடந்திருக்கின்றன.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். வெப்ப அலை, காட்டுத்தீப் புகை, நீளும் மகரந்தக் காலம் என்று பூமி சூடாவதன் அடி முதலில் விழுவது நலிந்த நுரையீரல் உள்ளவர்களின் மேல்தான். அவர்களுக்கு மூச்சு தரும் கருவியே அந்தச் சூட்டைக் கூட்டுவது நீடிக்கக் கூடாது. ஆனால் வாயு மாறும்போது மருந்து உள்ளே சேரும் அளவும் மாறலாம். முன்பு ஒருமுறை அது மாறியும் இருக்கிறது. அந்தக் கதை நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பம்ப் 1956இல் அமெரிக்காவில் வந்தது. அன்று முதல் பல பத்தாண்டுகள் அவற்றில் இருந்தவை சி.எஃப்.சி. வாயுக்கள். அவை ஓசோனை அரிக்கும் என்று மொலீனாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இன்ஹேலர் நிறுவனங்கள் சி.எஃப்.சி.யை விட்டு இன்றைய ஹெச்.எஃப்.ஏ.வுக்கு மாறின. ஆம், இன்று நாம் கைவிடப் பார்க்கும் வாயுதான் அன்றைக்குச் சூழலுக்கு உகந்ததாக வந்தது.

அந்த மாற்றத்தில் பெக்லோமெத்தசோனுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பழைய பம்பில் அது வாயுத் திரவத்தில் கரையாமல் தூளாக மிதந்துகொண்டிருந்தது. புதிய வாயுவோடு கொஞ்சம் எத்தனால் சேர்த்தபோது முழுவதும் கரைந்துவிட்டது. கரைசலாகத் தெளிக்கும்போது துளி காற்றில் ஆவியாகி மிக நுண்ணிய துகளை விட்டுச்செல்கிறது. கியூவார் என்ற பெயரில் வந்த அந்த இன்ஹேலரின் துகள் சராசரியாக 1.1 மைக்ரான், பழையதன் துகள் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கதிரியக்கக் குறி வைத்து காமா கேமராவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். பழைய பம்பில் 10 விழுக்காட்டுக்கும் குறைவான மருந்தே நுரையீரலில் படிந்திருந்தது. மீதி வாயிலும் தொண்டையிலும் தங்கிவிட்டது. புதியதில் பாதிக்கும் மேற்பட்ட மருந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. அதனால் பழைய அளவில் பாதி எடுத்தாலே போதும் என்றாயிற்று.

இதே மருந்தை இதே ஹெச்.எஃப்.ஏ. வாயுவில் இன்னொரு நிறுவனம் க்ளெனில் மாடுலைட் என்ற பெயரில் கொண்டுவந்தது. அவர்கள் கிளிசரால் சேர்த்துத் துகளை வேண்டுமென்றே பெரிதாக்கி, பழைய பம்புக்கு ஈடான அளவில் நிறுத்தினார்கள். விளைவு என்ன? இரண்டு பெட்டியிலும் பெக்லோமெத்தசோன் 100 மைக்ரோகிராம் என்றே அச்சிட்டிருக்கும். இரண்டும் ஓசோனுக்குப் பாதுகாப்பானவை. ஆனால் ஒன்று மற்றொன்றைவிடச் சுமார் இரண்டு மடங்கு வலுவானது. கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால், ஒரு பக்கம் ஆஸ்துமா கட்டுப்பாட்டை விட்டுப் போகும். மறுபக்கம் வளரும் குழந்தைக்குத் தேவையில்லாத ஸ்டீராய்டு போய்ச் சேரும். பெக்லோமெத்தசோன் இன்ஹேலரை வணிகப் பெயர் குறிப்பிட்டே எழுத வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்த வேண்டி வந்தது இதனால்தான்.

சால்புடமால் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. அங்கே புதிய பம்பின் அளவைப் பழையதற்கு ஈடாகவே அமைத்தார்கள். ஆனால் சி.எஃப்.சி. பம்பை அடித்தால் ஜில்லென்று வேகமாகத் தொண்டையில் மோதும், ஹெச்.எஃப்.ஏ. பம்பின் தெளிப்பு மென்மையானது, அவ்வளவு குளிராதது. அமெரிக்காவில் 2008 டிசம்பர் 31உடன் பழைய சால்புடமால் பம்புகளின் விற்பனை நின்றபோது, புதியதில் வேகமே இல்லை, மருந்தே வரவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். பம்பின் தெளிப்புத் துளை அடைத்துக்கொள்வதும், வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் உறையைக் கழுவ வேண்டும் என்பதை யாரும் சொல்லாததும் சேர்ந்துகொண்டன. தொண்டையில் உணரும் அடியை வைத்து மருந்தின் அளவை எடைபோட முடியாது. மென்மையாக வந்த ஒரு பம்ப் இரட்டிப்புப் பலனைத் தந்தது. இன்னொன்று சரியான அளவைத் தந்தும் சந்தேகத்துக்கு ஆளானது.

அப்படியென்றால் எதை வைத்து எடைபோடுவது? நம் படிப்பில் வரும் விஷயம்தான். கவுன்டருக்கு வந்தபின் மறந்துவிடுகிறோம். ஒரு பஃப் அடித்தால் 5 மைக்ரானைவிடப் பெரிய துகள்கள் பெரும்பாலும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அவை விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகும், அங்கிருந்து கல்லீரலுக்கு. புடசோனைடு என்றால் அந்த வழியில் போனதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தப்பி ரத்தத்தில் கலக்கும். ஃப்ளூட்டிகசோன் புரோபியோனேட் என்றால் 1 விழுக்காடு கூடத் தேறாது. நுரையீரலில் படிந்த மருந்துக்கு இந்தத் தடை கிடையாது. அது மூச்சுக்குழாயில் வேலை செய்துவிட்டு, அங்கிருந்தே நேராக ரத்தத்துக்குள் போகிறது. ஆகவே ரத்தத்தில் ஏறும் அளவைக் கொண்டு நுரையீரலுக்குப் போனதைக் கணிக்கலாம். ஆனால் குடல் வழியாக வந்ததை அதிலிருந்து பிரித்தாக வேண்டும்.

அதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். சோதனைக்கு வந்த தன்னார்வலருக்கு இன்ஹேலரை இழுப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீரில் கலக்கிய கரித்தூளைக் குடிக்கக் கொடுப்பார்கள். விழுங்கிய மருந்தைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு குறித்த நேரங்களில் எடுக்கும் ரத்தத்தில் தெரிவது நுரையீரல் வழியாக வந்தது மட்டும். சால்புடமாலுக்கு இன்னும் எளிதான முறை ஒன்றை ஹிண்டிலும் கிறிஸ்டினும் 1992இல் வெளியிட்டார்கள். இழுத்த பிறகு முதல் 30 நிமிடத்தில் வரும் சிறுநீரில் உள்ள சால்புடமாலை அளந்தால் போதும். குடல் வழி வருவது அதற்குள் சிறுநீருக்கு வந்து சேராது.

புதிய வாயுவில் வரும் பம்பை இப்படியெல்லாம் பழையதோடு ஒப்பிட வேண்டும். அடுக்கடுக்கான தட்டுகள் கொண்ட கருவிக்குள் தெளித்து, எந்த அளவுத் துகள் எந்தத் தட்டில் விழுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ரத்த அளவுகளின் விகிதத்துக்கான 90 விழுக்காடு நம்பக இடைவெளி முழுவதும் 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் நடுவில் அடங்க வேண்டும். இத்தனை கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 134ஏவின் திரவ அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1.2 கிராம், 152ஏவுக்கு 0.9தான். 1234இஸட்இயின் அடர்த்தி 134ஏவுக்கு நெருக்கமானது என்றாலும் அதன் ஆவியழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் தெளிப்பின் வேகம் மாறும். அடர்த்தி மாறினால் மருந்துத் தூள் மிதப்பதா, மேலே வருவதா, அடியில் தங்குவதா என்பது மாறும். வால்வு, தெளிப்புத் துளை, கலவை எல்லாவற்றையும் திருத்திய பிறகே பழைய அளவுக்கு இணையாக நிறுத்த முடியும். அப்படி நிறுத்தி, சோதித்து, அனுமதி பெற்று வரும் இன்ஹேலரை நாம் தயங்காமல் கொடுக்கலாம். "சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னா பவர் கம்மியா இருக்குமோ?" என்று கேட்பவருக்கு, "இல்லைங்க, ரத்தத்தில் அளந்து பார்த்துத்தான் விட்டிருக்காங்க, அடிக்கிற வேகம் மட்டும் வேற மாதிரி தெரியலாம்" என்று தைரியமாகப் பதில் சொல்லலாம்.

இந்தச் சோதனைகளுக்கும் ஒரு எல்லை உண்டு. பெரும்பாலும் இவை ஆரோக்கியமானவர்களிடம், சரியாக இழுக்கக் கற்றுக்கொடுத்து நடத்தப்படுகின்றன. மூச்சுக்குழாய் சுருங்கிய ஆஸ்துமாக்காரரிடம் ஃப்ளூட்டிகசோன் ரத்தத்தில் சேரும் அளவு ஆரோக்கியமானவரைவிடக் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். அதோடு வீட்டில் ஒருவர் எப்படி இழுக்கிறார் என்பதை எந்த ஆய்வகமும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் வாய்ப்பு உள்ளவர்கள் நாம்தான்.

வாயுவே வேண்டாம் என்றால் தூள் இன்ஹேலர்கள் இருக்கின்றன. ஸ்வீடனில் விற்கும் இன்ஹேலர்களில் பம்ப் ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். பிரிட்டனில் பத்துக்கு ஏழு. கேப்சூலைப் போட்டு இழுக்கும் கருவி நம் ஊரிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. கரிமக் கணக்கில் இது பம்புக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் இங்கே தூளைச் சிதறடித்து உள்ளே இழுத்துச் செல்லும் விசை நோயாளியின் மூச்சு ஒன்றுதான். பம்பை மெதுவாக, ஆழமாக, நாலைந்து வினாடி நீட்டி இழுக்க வேண்டும். தூளை ஒரே மூச்சில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.

நான் பணிபுரியும் மருந்தகத்துக்கு ஒரு அம்மா வந்தார். பல வருடம் பம்ப் அடித்தவர். வேறொரு இடத்தில் அதற்குப் பதிலாகக் கேப்சூல் கருவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "இதுல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது தம்பி, ராத்திரியெல்லாம் வீசிங்" என்றார். இழுத்துக் காட்டச் சொன்னேன். பம்புக்குக் கற்றுக்கொண்ட அதே நிதானத்தோடு அழகாக, மெதுவாக இழுத்தார். கருவியைத் திறந்து கேப்சூலைக் கையில் எடுத்தேன். தூளில் பாதி ஓட்டின் உட்சுவரில் அப்படியே ஒட்டியிருந்தது. அவரிடமே காட்டினேன். "சூடான காபியை உறிஞ்சற மாதிரி வேண்டாம்மா, ஒரே இழுப்பா பலமா இழுங்க" என்றேன். இரண்டாவது முறை ஓடு காலியாக இருந்தது. மருந்து, அளவு, கருவி எதிலும் தவறில்லை. மாற்றிக் கொடுத்தவர் இரண்டு நிமிடம் செலவிடவில்லை, அவ்வளவுதான்.

பெரிய அளவில் நடந்த இரண்டு மாற்றங்களும் இதையே சொல்கின்றன. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் நடந்த ஆய்வொன்றில், விவரம் கேட்டுச் சம்மதித்து, பம்பிலிருந்து தூள் இன்ஹேலருக்கு மாறியவர்களின் இன்ஹேலர் கரிம வெளியீடு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆஸ்துமா கட்டுப்பாடு கெடவில்லை, மேம்பட்டது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை 2021இல் தன் மருந்துப் பட்டியலை மாற்றி, புடசோனைடு-ஃபார்மோட்டரால் பம்பில் இருந்தவர்களை மொத்தமாக ஃப்ளூட்டிகசோன்-சால்மெட்ரால் தூளுக்கு மாற்றியது. பிறகு ஆராய்ந்தபோது மருத்துவமனையில் சேர்வது, குறிப்பாக நிமோனியாவால் சேர்வது, கூடியிருந்தது. மருந்தும் கருவியும் ஒன்றாக மாறியதால் எது காரணம் என்று பிரிப்பது கடினம். ஆளைப் பார்த்து மாற்றுவதற்கும் பட்டியலைப் பார்த்து மாற்றுவதற்கும் உள்ள தூரம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

நண்பர்களே, நம் கையில் இருப்பவை சில எளிய காரியங்கள்.

முதலாவது, இன்ஹேலரில் கம்பெனியையோ கருவியையோ நாமாக மாற்ற வேண்டாம். ஸ்டாக் இல்லையென்றால் மருத்துவருக்கு ஒரு போன் செய்வோம்; முடியாவிட்டால், அது கிடைக்கும் கடையைச் சொல்லி அனுப்புவோம். ஒரு விற்பனை போனால் போகட்டும்.

இரண்டாவது, மருத்துவரே மாற்றி எழுதியிருந்தால், பெட்டியைப் பிரித்து நம் முன்னால் ஒருமுறை இழுக்கச் சொல்வோம். மெதுவாகவா, வேகமாகவா என்பதை உறையின் மேல் தமிழில் எழுதிக் கொடுப்போம். கேப்சூலை விழுங்கிவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். "இது சாப்பிடற மாத்திரை இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வோம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தூள் கட்டிபட்டுவிடும். கேப்சூலை முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து வைக்கக் கூடாது, கருவிக்குள் மூச்சை ஊதக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

மூன்றாவது, பசுமையின் பெயரால் யாரிடமிருந்து பம்பைப் பறிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வோம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தூளை இழுக்கும் பலம் இருக்காது. அதற்குப் பம்பும் ஸ்பேசரும்தான், மிகச் சிறிய குழந்தைக்கு அதோடு மாஸ்க்கும். தளர்ந்த முதியவருக்கும், கடும் திணறலில் இருப்பவருக்கும் அப்படியே. அவர்கள் வாங்கும் பம்பைப் பற்றி அவர்கள் மனதில் குற்றவுணர்வை விதைப்பது கொடுமை. வாயுவை மாற்ற வேண்டியது தொழிற்சாலையின் கடமை; அவர்கள் மூச்சு விட்டால் போதும்.

நான்காவது, நாம் செய்யக்கூடிய பெரிய நன்மை. மாதாமாதம் ரிலீவர் பம்ப் மட்டும் வாங்கிப் போகிறவர்களை நமக்கு முகம் தெரியும். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஸ்டீராய்டு சேர்ந்த தடுப்பு மருந்து இல்லாமல் சால்புடமாலை மட்டும் கொடுப்பதை, ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இலிருந்து பரிந்துரைப்பதில்லை. 200 பஃப் கொண்ட ரிலீவர் கேன் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ காலியானால் தீவிரத் தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது; பன்னிரண்டை எட்டினால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா அதிக வாயுவையும் விடுகிறது, அதிக உயிரையும் எடுக்கிறது. அப்படி ஒருவர் வந்தால் பில் போடும் முன் "டாக்டரைப் பார்த்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்போம். எண் காட்டும் கவுன்டர் இல்லாத பம்பில் மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும். குலுக்கிப் பார்ப்பதை நம்பி அதை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொல்வோம்.

கடைசியாக, நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய வாயு பம்புகள் இங்கே வரும் முன்பே, எந்த இன்ஹேலருக்கு எது ஈடு, எது ஈடில்லை, எதை எப்படி இழுப்பது என்று ஒரு பக்கத் தமிழ் அட்டை தயாரித்து ஒவ்வொரு கடைக்கும் அனுப்புங்கள். மருந்தில்லாத பயிற்சிக் கருவி ஒன்று ஒவ்வொரு கவுன்டரிலும் இருக்கும்படி நிறுவனங்களிடம் கேட்டு வாங்குங்கள். அனுமதிக்குக் காட்டிய நுரையீரல் அளவு விவரங்களை நமக்குப் புரியும் மொழியில் தரச் சொல்லுங்கள். சென்ற முறை வாயு மாறியபோது நோயாளிகள் குழம்பியதும் குறைப்பட்டதும் பெரும்பாலும் யாரும் அவர்களிடம் முன்கூட்டிப் பேசாததால்தான். இந்த முறை நமக்கு அவகாசம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டால், பூமிக்குச் செய்யும் இந்த நல்ல காரியத்தின் விலையை ஆஸ்துமாக்காரர் தன் மூச்சால் கொடுக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்களில் ஒரு மருந்தாளுநர்